அத்தியாயம் 5: பயிற்சியை யாரிடம் தொடங்குவது?

சாப்பாட்டு மணி அடிக்க இன்னும் இருபது நிமிடம். இரண்டு தையல் லைன்களை நிறுத்தி அறுபது பேரைக் கேன்டீனில் உட்கார வைக்கிறார்கள். ஹெச்.ஆர். பிரிவிலிருந்து ஒருவர் திரையில் படம் போட்டு, அதில் இருப்பதை மூச்சுவிடாமல் படிக்கிறார். குழந்தைத் தொழிலாளர் இல்லை, கட்டாய உழைப்பு இல்லை, பாகுபாடு இல்லை. பாதியில் கையெழுத்துத் தாள் சுற்றுக்கு வருகிறது. ஒடிசாவிலிருந்து வந்த பெண்கள் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துக் கையெழுத்திடுகிறார்கள். ஒரு போட்டோ எடுக்கிறார்கள். மணி அடிக்கிறது. திருப்பூர் வட்டாரத்தில் மனித உரிமைப் பயிற்சி என்ற பெயரில் நான் அதிகம் பார்த்தது இதைத்தான்.

இப்படி நடப்பதற்குக் காரணம் சோம்பேறித்தனம் மட்டும் இல்லை. கேட்கப்படும் கேள்வியே அப்படி இருக்கிறது. பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட முதல் 1,000 நிறுவனங்கள் 2022-23 நிதியாண்டு முதல் ஒழுங்குமுறை அமைப்பான செபிக்குக் கட்டாயமாகத் தர வேண்டிய பொறுப்பு, நிலைத்தன்மை அறிக்கையில், மனித உரிமை பற்றிய பகுதி, ஊழியர்களிலும் தொழிலாளர்களிலும் எத்தனை பேருக்குப் பயிற்சி தரப்பட்டது என்று எண்ணிக்கை கேட்டுத்தான் தொடங்குகிறது. ஜெர்மனியின் விநியோகச் சங்கிலிச் சட்டம் 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த பிறகு, அங்கிருந்து ஆடை வாங்கும் பையர்களும் அதே எண்ணிக்கையைக் கேட்கத் தொடங்கினார்கள். மேலே இருப்பவர் எண்ணிக்கை கேட்கும்போது கீழே இருப்பவர் எண்ணிக்கையைத் தயாரித்துக் கொடுத்துவிடுகிறார். யார் எதைக் கற்றுக்கொண்டார், மறுநாள் லைனில் என்ன மாறியது என்று யாரும் கேட்பதில்லை.

இந்த அத்தியாயம் ஏற்றுமதிக் கம்பெனிகளின் ஹெச்.ஆர். அலுவலர்களுக்காகவும், அவர்களிடம் வேலை எடுக்கும் ஜாப் ஒர்க் முதலாளிகளுக்காகவும் எழுதப்பட்டது. வேறு தொழிலில் இருப்பவர்கள் 'ஷிப்மெண்ட்' என்ற இடத்தில் தங்கள் தொழிலின் கெடு தேதியைப் போட்டுப் படித்துக்கொள்ளலாம்.

என் முதல் பரிந்துரை பலருக்கு விசித்திரமாகப் படும். பயிற்சியைத் தொழிலாளர்களிடம் தொடங்காதீர்கள். உரிமையை மீறும் அதிகாரம் யார் கையில் இருக்கிறதோ அவரிடம் தொடங்குங்கள். டெய்லருக்கு யாருடைய உரிமையையும் பறிக்கும் வசதி இல்லை. அது முதலில் இருப்பது தேதியும் விலையும் ஒப்புக்கொள்பவரிடம், அடுத்து லைனில் நின்று வேலை வாங்குபவரிடம்.

முதல் வகுப்பு: மெர்ச்சண்டைசர்கள்

பையரிடம் பேசி ஆர்டர் எடுப்பவர், சாம்பிள் அனுப்புபவர், ஷிப்மெண்ட் தேதியை ஒப்புக்கொள்பவர் மெர்ச்சண்டைசர். இவர்களை மனித உரிமை வகுப்பில் நான் அநேகமாகப் பார்த்ததே இல்லை. ஏ.சி. அறையில் கணினி முன் உட்கார்ந்திருப்பவருக்கும் மனித உரிமைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பார்கள். அந்தச் சம்பந்தத்தைக் கரும்பலகையில் ஒரு கணக்காகப் போட்டுக் காட்டுங்கள்.

40,000 டி-சர்ட் ஆர்டர் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து லைன். எட்டு மணி நேரத்தில் ஒரு லைன் 800 பீஸ் தைக்கும், ஆக ஒரு நாளைக்கு 4,000, பத்து நாளில் வேலை முடியும். இப்போது பையர் பிரிண்ட் ஒப்புதலை நான்கு நாள் தாமதமாகத் தருகிறார், ஷிப்மெண்ட் தேதி மட்டும் நகரவில்லை. மெர்ச்சண்டைசர் 'சரி' என்று மின்னஞ்சலில் எழுதிவிடுகிறார். இனி ஆறு நாள்தான். ஒவ்வொரு லைனும் ஒரு நாளைக்கு 1,333 பீஸ் தைத்தாக வேண்டும். அதே வேகத்தில் தைத்தால் 13 மணி 20 நிமிடம் ஆகும். காலை எட்டரைக்கு உட்கார்ந்தவர், சாப்பாடும் டீயும் சேர்த்து இரவு பத்தே முக்காலுக்குத்தான் எழுந்திருப்பார். அதன் பிறகு வேன் அவரை ஊரில் இறக்கிவிட வேண்டும்.

கணக்கைப் போட்டுவிட்டு வகுப்பில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: அந்த நான்கு நாளை யார் கொடுத்தார்கள்?

பெரும்பாலும் அமைதிதான் இருக்கும். அந்த அமைதியை அவசரப்பட்டுக் கலைக்க வேண்டாம். பையர் கொடுக்கவில்லை, கம்பெனியும் கொடுக்கவில்லை. டெய்லர் கொடுத்தார், தன் தூக்கத்திலிருந்து. ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம் கொடுத்தால் விலை கட்டுபடியாகாது என்று ஒற்றைச் சம்பளம் போட்டால், அதையும் அவரே கொடுத்தார். அல்லது வேலை குறைந்த ரேட்டில் வெளி யூனிட்டுக்குப் போயிருக்கும், அங்கே அதே கணக்கு இன்னும் மோசமாக ஓடும்.

ஐ.நா. மனித உரிமைக் கவுன்சில் 2011 ஜூனில் ஏற்றுக்கொண்ட வணிகமும் மனித உரிமையும் பற்றிய வழிகாட்டு நெறிகள் இதைத்தான் சொல்கின்றன. ஜான் ரக்கி என்ற பேராசிரியர் தலைமையில் உருவான அந்த 31 நெறிகளின்படி, ஒரு நிறுவனம் பாதிப்பைத் தானே உண்டாக்கினாலும், அதற்குத் துணைபோனாலும், தன் வணிக உறவின் வழியாக அதோடு தொடர்பு கொண்டிருந்தாலும் பொறுப்பு உண்டு. இரவு பத்தே முக்கால் வரை உட்கார வைத்த சூப்பர்வைசர் பாதிப்பை உண்டாக்கியவர். தேதியை நகர்த்தாத பையர் அதற்குத் துணைபோனவர். மெர்ச்சண்டைசருக்கு இந்தச் சொற்கள் மனப்பாடம் ஆக வேண்டியதில்லை. 'ஒப்புதல் நான்கு நாள் தாமதமாகிறது, ஷிப்மெண்டும் நான்கு நாள் தள்ள வேண்டும்' என்ற ஒரு வரியை பையருக்கு எழுதப் பழகினால் போதும். வகுப்பிலேயே எழுத வையுங்கள். எழுதியதை முதலாளி முன்னால் படிக்க வையுங்கள். அந்த மின்னஞ்சலை அனுப்ப முதலாளி அனுமதிப்பாரா என்பது அங்கேயே தெரிந்துவிடும். அனுமதிக்க மாட்டார் என்றால் மற்ற வகுப்புகளைத் தள்ளிவையுங்கள். முதலில் அவரோடு பேசி முடிக்க வேண்டிய வேலை இருக்கிறது.

இரண்டாவது: சூப்பர்வைசர்கள்

சூப்பர்வைசர்களில் பலர் நேற்றுவரை டெய்லராக இருந்தவர்கள். திட்டு வாங்கித் தொழில் கற்றவர்கள். திட்டாமல் வேலை வாங்கும் வழியை யாரும் அவர்களுக்குக் காட்டியதில்லை. ஆகவே சட்டப் பிரிவுகளோடு உள்ளே போகாதீர்கள், குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியதுபோல் உணர்வார்கள்.

நான் செய்வது இது. சூப்பர்வைசரை மெஷினில் உட்கார வைத்து, அவரே போட்ட ஒரு மணி நேர டார்கெட்டை அவரிடமே கொடுப்பேன். அனுபவமுள்ள டெய்லர் அக்கா ஒருவர் சூப்பர்வைசராக நிற்பார். அவர் வழக்கமாகக் கேட்கும் பேச்சையே பேசச் சொல்வேன்.

"என்ன தம்பி, கை மெஷின்ல இருக்குது, புத்தி எங்க இருக்குது? உன்னாலதான் லைனே நிக்குது. பாத்ரூமா? இப்பத்தான போயிட்டு வந்த!"

முதல் இரண்டு நிமிடம் சிரிப்பு வரும். பத்து நிமிடத்தில் உட்கார்ந்திருப்பவரின் முகம் மாறும். பிறகு அதே காட்சியை வேறு பேச்சோடு ஓட்டுவேன்.

"பீஸ் தேங்கி நிக்குதே தம்பி, மெஷின் மக்கர் பண்ணுதுங்களா?"

"இல்லீங்க்கா, ஓவர்லாக்குல இருந்து வர்ற பீஸே கோணலா வருது. சரிபண்ணித் தைக்கறதுக்குள்ள நேரம் ஆகுது."

டார்கெட் தவறியதன் காரணம் வெளியே வந்துவிட்டது. முதல் பேச்சில் அது வந்திருக்காது. கத்தினால் காரணம் மறைந்துகொள்ளும் என்பதை சூப்பர்வைசர் தன் உடம்பில் உணர வேண்டும். ஒன்றரை மணி நேர வகுப்பில் இதற்கே ஒரு மணி நேரம் போனாலும் நட்டமில்லை.

மீதியிருக்கும் அரை மணியில் மூன்று விஷயங்களைத் தயக்கமில்லாமல் சொல்லிவிடுங்கள். தோளைத் தட்டுவது, இரட்டை அர்த்தப் பேச்சு, இரவில் போன் செய்வது, ஓவர்டைமோ லீவோ தருகிறேன் என்று சொல்லி நெருங்குவது எல்லாம் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013-இன் கீழ் வரும். 'விளையாட்டுக்குச் சொன்னேன்' என்ற பதில் அங்கே செல்லாது. இரண்டாவது, சாதி. புதிதாக வந்த பெண்ணிடம் 'எந்த ஊரு?' என்று கேட்பதில் தவறில்லை. 'அந்த ஊர்ல எந்தத் தெரு?' என்ற அடுத்த கேள்வி எதற்கு என்று கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். அந்தக் கேள்வி இனி லைனில் கூடாது. மூன்றாவது, சம்பளம். டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1982-இல் தந்த தீர்ப்பின்படி, குறைந்தபட்ச ஊதியத்துக்கும் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவது அரசியலமைப்பின் 23-ஆவது பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பு. பலரும் இதை முதல் முறை கேட்கும்போது நம்புவதில்லை. கட்டாய உழைப்பு என்றால் சங்கிலியும் சவுக்கும்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

தொழிலாளர்கள்: கதவைத் திறந்த பிறகு

தொழிலாளர்களுக்கு உரிமையைச் சொல்லிக்கொடுத்துவிட்டு, புகார் சொல்ல இடமில்லாமல் விடுவதைப் போன்ற கொடுமை வேறில்லை. நம்பிப் பேசியவர் மாட்டிக்கொள்வார். ஒரு கம்பெனியில் நான் நடத்திய வகுப்பில் ஒரு பெண் எழுந்து, ஹாஸ்டல் வார்டன் ஏ.டி.எம். கார்டை வாங்கி வைத்திருப்பதாகச் சொன்னாள். சூப்பர்வைசரும் அந்த அறையில் இருந்தார். அடுத்த மாதம் நான் போனபோது அவள் அங்கே இல்லை. ஊருக்குப் போய்விட்டாள் என்றார்கள். அது என் தவறு. புகார் வழியைச் சோதிக்காமல், சூப்பர்வைசரை வெளியே அனுப்பாமல் நான் வகுப்பைத் தொடங்கியிருக்கக் கூடாது.

எனவே வகுப்புக்கு முன்பு, பாலியல் துன்புறுத்தல் புகாரை விசாரிக்கும் உங்கள் உள்ளகக் குழுவை ஒருமுறை தட்டிப் பாருங்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும் அது இருக்க வேண்டும். தலைவர் மூத்த பெண் ஊழியராகவும், உறுப்பினர்களில் குறைந்தது பாதிப் பேர் பெண்களாகவும், ஒருவர் வெளியிலிருந்து வந்தவராகவும் இருக்க வேண்டும். சுவரில் ஒட்டிய பட்டியலில் இருக்கும் போன் எண்களுக்கு நீங்களே அடித்துப் பாருங்கள். வேலையை விட்டுப் போனவரின் எண் இன்னும் அங்கே இருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். எழுதத் தெரியாத பெண்ணுக்குப் புகாரை எழுத உதவுவது குழுவின் கடமை. சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் புகார் தரலாம், தக்க காரணம் இருந்தால் குழு மேலும் மூன்று மாதம் நீட்டிக்கலாம், விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். சமரசம் அந்தப் பெண்ணே கேட்டால் மட்டும்தான். அப்போதும் பணம் கொடுத்து முடிக்கக் கூடாது. குழு உறுப்பினர்களிடம் இதை விளக்கும்போது கடைசி வரியைக் கேட்டுத் திடுக்கிடுபவர்கள் உண்டு, ஏனென்றால் அவர்கள் அதுவரை செய்துகொண்டிருந்தது அதுதான்.

வகுப்பு எப்படி இருக்க வேண்டும்? இருபது, இருபத்தைந்து பேருக்கு மேல் வேண்டாம். வேலை நேரத்தில், சம்பளத்தோடு. பீஸ் ரேட்டுக்குத் தைப்பவருக்கு அந்த நேரத்துக்கான சராசரிக் கூலியைக் கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அவர் மனசு மெஷினில்தான் இருக்கும். ஷிப்மெண்ட் வாரத்தில் நடத்தாதீர்கள். பெண்களுக்குத் தனி வகுப்பு, அதைப் பெண்ணே நடத்தட்டும். வடக்கிலிருந்து வந்த எல்லோருக்கும் இந்தி போதும் என்று முடிவு கட்டாதீர்கள். ஒடியாவும் வங்காளமும் பேசுகிறவர்களுக்கு அவர்கள் மொழியிலேயே சொல்ல, அவர்களிலிருந்தே ஒருவரைப் பழக்குங்கள்.

சொல்ல வேண்டியதைக் கையில் இருக்கும் பொருளை வைத்துச் சொல்லுங்கள். சம்பளச் சீட்டைக் கொண்டுவரச் சொல்லி வரி வரியாகப் படிக்கலாம்: எத்தனை நாள், எத்தனை மணி ஓவர்டைம், அதற்கு என்ன விகிதம், பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தம் எவ்வளவு, முன்பணம் எவ்வளவு மீதி. என் அனுபவத்தில் வகுப்பே உயிர் பெறும் இடம் இது. 'சீட்டே தர்றதில்லீங்' என்று யாராவது சொன்னால், அன்றைக்கு நீங்கள் கண்டுபிடித்த முதல் மீறல் அது. ஆதாரை வாங்கி வைத்துக்கொள்வது, முன்பணத்தைக் காட்டி ஊருக்கு அனுப்ப மறுப்பது, ஹாஸ்டலை விட்டு வெளியே போக விடாதது, சம்பளத்தை மாதக்கணக்கில் நிறுத்திவைப்பது ஆகியவை சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு கட்டாய உழைப்புக்குச் சொல்லும் 11 அடையாளங்களோடு பொருந்துபவை. மூன்று வருடம் முடித்தால் கல்யாணத்துக்கு மொத்தப் பணம் என்று நூற்பாலைகள் பெண்களைச் சேர்த்த சுமங்கலித் திட்டத்தில், இடையில் வேலையை விட்டவர்கள் அந்தப் பணத்தை இழந்தார்கள். பெயர்கள் மாறிவிட்டன. நிறுத்திவைக்கும் பழக்கம் சில மில்களில் இன்னும் போகவில்லை.

'முடியாது' என்று சொல்லும் பயிற்சியும் வேண்டும். 2013 ஏப்ரல் 23 அன்று வங்கதேசத்தின் சாவரில் ராணா பிளாசா கட்டடத்தின் சுவர்களில் விரிசல் தெரிந்தது. கீழ்த்தளங்களில் இருந்த வங்கியும் கடைகளும் மூடிக்கொண்டன. மறுநாள் காலை மேலே இருந்த ஆடைத் தொழிற்கூடங்களின் தொழிலாளர்களை மட்டும் உள்ளே போகச் சொன்னார்கள். கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். விரிசல் அவர்கள் கண்ணுக்கும் தெரிந்தது. உள்ளே போக மாட்டோம் என்று சொன்னால் சம்பளம் போகும் என்ற பயமும், சேர்ந்து சொல்லச் சங்கம் இல்லாததும்தான் அவர்களை உள்ளே அனுப்பின. உங்கள் யூனிட்டில் தீயணைப்பு ஒத்திகை நடக்கும்போது, வெளிக் கதவு பூட்டியிருந்தால் யார் யாரிடம் என்ன சொல்ல வேண்டும் என்பதையும் சேர்த்துப் பழக்குங்கள்.

ஜாப் ஒர்க் யூனிட்கள்

ஒரு டி-சர்ட் ஒரே கூரையின் கீழ் உருவாவதில்லை. நிட்டிங், சாயப்பட்டறை, காம்பாக்டிங், பிரிண்டிங், எம்பிராய்டரி என்று ஊரைச் சுற்றி வந்துதான் தையலுக்கு வருகிறது. தையலும் சில நேரம் வெளியே போகிறது. இந்த யூனிட்களின் பட்டியல் பல கம்பெனிகளில் மேனேஜரின் டைரியில் மட்டும் இருக்கும். பட்டியல் இல்லாமல் சப்ளையர் பயிற்சி நடத்த வழியில்லை. முதல் மாத வேலை அதைத் தயாரிப்பதுதான்.

ஜாப் ஒர்க் முதலாளியை ஹோட்டலுக்கு வரவழைத்து நடத்தை விதிகள் புத்தகத்தில் கையெழுத்து வாங்குவதால் எதுவும் மாறாது. அவர் இருபது மெஷின் வைத்திருப்பவர், கடனில் இருப்பவர். அவரிடம் முதலில் உங்கள் கடமையைப் பேசுங்கள். பதிவு பெற்ற குறு, சிறு தொழிலுக்குத் தர வேண்டிய தொகையை அதிகபட்சம் 45 நாளில் தந்துவிட வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. பில் பாக்கியை மூன்று மாதம் இழுத்துவிட்டு, 'சம்பளத்தை ஏழாம் தேதிக்குள் போடு' என்று அவருக்கு வகுப்பெடுக்க நமக்கு என்ன தகுதி இருக்கிறது? ரேட்டைப் போடும்போதே அதில் குறைந்தபட்ச ஊதியமும் பி.எஃப்.பும் அடங்குகிறதா என்று அவரோடு உட்கார்ந்து கணக்குப் பாருங்கள். அதன் பிறகு அவருடைய யூனிட்டுக்கே போய் வகுப்பு நடத்துங்கள். பத்துப் பேருக்குக் குறைவான இடமென்றால், மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் பெண்கள் புகார் தரலாம் என்பதையும், 181 என்ற மகளிர் உதவி எண்ணையும் அங்கே எழுதி ஒட்டிவிட்டு வாருங்கள்.

ஆடிட் சான்றிதழை மட்டும் நம்பாதீர்கள். கராச்சியின் அலி எண்டர்பிரைசஸ் ஆடைத் தொழிற்சாலைக்கு, தொழிலாளர் நிலைமைக்கான எஸ்.ஏ. 8000 சான்றிதழ் கிடைத்த சில வாரங்களிலேயே, 2012 செப்டம்பர் 11 அன்று அங்கே தீப்பிடித்தது. ஜன்னல்களில் கம்பி, வழிகள் அடைப்பு. 250-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

சான்றிதழுக்கு மாற்றாக என்ன இருக்கிறது என்பதற்கு நம் பக்கத்திலேயே ஒரு முன்மாதிரி உண்டு. 2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்ட ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்த தலித் இளம்பெண்ணை அவருடைய சூப்பர்வைசர் கொன்றார். அதன் பிறகு தமிழ்நாடு டெக்ஸ்டைல் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம், இரண்டு சர்வதேசத் தொழிலாளர் அமைப்புகளோடு சேர்ந்து போராடி, 2022-இல் அந்த ஏற்றுமதி நிறுவனத்துடனும் ஹெச் அண்டு எம், கேப், பி.வி.ஹெச். ஆகிய பையர்களுடனும் திண்டுக்கல் ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தது. பாலினம், சாதி, இடம்பெயர்வு ஆகியவற்றின் பேரில் நடக்கும் வன்முறையையும் பாகுபாட்டையும் அது தடைசெய்கிறது. சங்கம் பயிற்சி தந்த பெண் தொழிலாளர்கள் லைனிலேயே கண்காணிப்பாளர்களாக இருக்கிறார்கள். புகார் சொன்னவரைப் பழிவாங்கினால் ஒப்பந்த மீறல். நிறுவனம் மீறினால் பையர்கள் நடவடிக்கை எடுக்கக் கடமைப்பட்டவர்கள். பயிற்சிக்குப் பின்னால் சங்கமும் கட்டுப்படுத்தும் ஒப்பந்தமும் இருந்தால் அதற்குப் பல் முளைக்கிறது. உங்கள் கம்பெனியில் சங்கம் இருந்தால், பாடத்திட்டம் தயாரிக்கும் முன்பே அவர்களை அழையுங்கள்.

வகுப்புகள் முடிந்த பிறகு

ஒரு மாதம் கழித்துப் போய், லைனில் யாராவது பத்துப் பேரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். ஓவர்டைமுக்கு எவ்வளவு வர வேண்டும்? யாராவது தப்பாக நடந்தால் யாரிடம் சொல்வீர்கள்? சொன்னால் என்ன ஆகும் என்று நினைக்கிறீர்கள்? மூன்றாவது கேள்விக்கு வரும் பதில்தான் உங்கள் பயிற்சியின் மதிப்பெண்.

புகார்கள் கூடும். இதை முதலாளியிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பயிற்சிக்குப் பிறகு ஆறு மாதம் ஒரு புகாரும் வரவில்லை என்றால் மகிழ வேண்டாம், ஜனங்கள் உங்களை நம்பவில்லை என்று அர்த்தம். இன்னொன்று, 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. பழைய பிரிவு எண்கள் உள்ள படங்களைத் தூக்கிப் போட்டுவிட்டு, தொழிலாளர் துறையிடம் கேட்டுப் புதிதாகத் தயாரியுங்கள்.

அடுத்த பயிற்சிக்குத் தேதி குறிக்கப் போகிறீர்களா? கேன்டீனைப் பதிவு செய்யும் முன்பு மெர்ச்சண்டைசிங் பிரிவுக்குப் போய், இந்த மாத ஷிப்மெண்ட் அட்டவணையை வாங்கிப் பாருங்கள்.